மலாய்ப் பொதுமேடையின் மொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலாய் உரைகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கும் வேலையில் இருப்பதால், மலேசியாவுக்குப் புதிதாக வந்த தமிழர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை சில உண்டு. பெரும்பாலான கேள்விகளின் அடியில் ஒரே குறைதான் இருக்கிறது: பேச்சாளர் விஷயத்துக்கு வர ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? அவர் தொடக்கத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார் என்பதுதான் என் பதில். யாரை எப்படி விளித்தார், தம்மை எந்தச் சொல்லால் குறித்தார், எந்தப் பழமொழியைத் தேர்ந்தார் என்பவற்றிலேயே பாதிச் செய்தி சொல்லப்பட்டுவிடுகிறது.

மலாய் மேடைப் பேச்சு ஏன் இவ்வளவு நீண்ட விளியோடு தொடங்குகிறது?

முஸ்லிம் பேச்சாளர் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தொடங்கி, பிற சமயத்தாருக்காக ‘சலாம் செஜாத்ரா’ என்ற நல்வாழ்த்தையும் சேர்ப்பார். அதன்பின் அவையில் இருப்போரை வரிசையாகக் குறிப்பிடுவார். பிரதமருக்கும் மாநில முதல்வரான மந்திரி பெசாருக்கும் ‘யாங் அமாட் பெர்ஹோர்மாட்’, அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ‘யாங் பெர்ஹோர்மாட்’, துன் பட்டம் பெற்றவருக்கு ‘யாங் அமாட் பெர்பஹாகியா’, டான் ஸ்ரீ, டத்தோ போன்ற பட்டங்கள் பெற்றவர்களுக்கு ‘யாங் பெர்பஹாகியா’, பட்டம் இல்லாத அதிகாரிக்கு ‘யாங் பெருசாஹா’ என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி அடைமொழி உண்டு.

தமிழ் மேடையிலும் ‘அவர்களே, அவர்களே’ என்று நீளும் விளி நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் நம் மேடையில் வரிசை மாறினால் ஒருவர் முகம் சுளிப்பார், அத்தோடு முடிந்துவிடும். மலாய் அரசு நிகழ்ச்சியில் அந்த வரிசை முன்னமே எழுதி, சரிபார்க்கப்பட்டு, பேச்சாளர் கையில் கொடுக்கப்படும் ஓர் ஆவணம். எவருடைய பெயர் எந்த இடத்தில் வந்தது என்பதை அவை கூர்ந்து கேட்கிறது. அதை வெறும் சடங்கு என்று கருதி, அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பவர் உரையின் முதல் பத்தியைத் தவறவிடுகிறார்.

‘புடி பஹாசா’ என்பதை எப்படித் தமிழாக்குவது?

‘நன்னடத்தை’ என்றோ ‘பண்பு’ என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம், நானும் போயிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லில் வேறொன்றும் இருக்கிறது. ‘புடி’ என்பது வடமொழி ‘புத்தி’, ‘பஹாசா’ என்பது ‘பாஷை’. தமிழில் புத்தி தலைக்குள் தங்கிவிட்டது. மலாயில் அது நற்குணம், உபகாரம், நன்றி என்று வெளியே நடந்து, மற்றவரைத் தொடுகிற அறிவாக மாறிவிட்டது. ‘பஹாசா’வும் மொழியோடு நிற்காமல் மரியாதை என்ற பொருளையும் ஏந்துகிறது, மரியாதை தெரியாதவரை ‘பஹாசா தெரியாதவர்’ என்பார்கள்.

எல்லோரும் அறிந்த பழம்பாடல் ஒன்று சொல்கிறது: புள்ளியுள்ளது குன்றிமணி, முழுச் சிவப்பானது மஞ்சாடி, ‘யாங் பாயிக் இத்து புடி, யாங் இண்டா இத்து பஹாசா’. நல்லது புடி, அழகியது பஹாசா என்பது கடைசி இரண்டு வரிகளின் பொருள். நன்மையும் அழகும் ஒரே வித்தின் இரு நிறங்கள் போல அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்ற தேசிய உறுதிமொழியின் ஐந்து கோட்பாடுகளில் ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும் பற்றியது. இறைவன், மன்னர், அரசமைப்பு, சட்டம் ஆகியவற்றுக்கு அடுத்து மரியாதையை நாட்டின் கோட்பாடாக எழுதி வைத்திருக்கிறார்கள். மரியாதை தவறிய பேச்சு அந்நாட்டில் அரசியல் சிக்கலாக வெடிப்பதற்கு இந்தப் பின்னணி உண்டு.

நாடாளுமன்றத்தில்கூடப் பந்துன் பாடுகிறார்களே, அது வெறும் அலங்காரமா?

இல்லை. பந்துன் நான்கு அடிகள் கொண்ட பாவகை. ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் இறுதி ஓசையில் இயைந்து வரும். அடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு அசைகள் இருப்பது வழக்கம். முதல் இரண்டு அடிகளுக்கு ‘பெம்பாயாங்’ என்று பெயர். ‘பாயாங்’ என்றால் நிழல். பின்னிரண்டு அடிகளில்தான் ‘மக்சூட்’, அதாவது சொல்ல வந்த பொருள், இருக்கும். 2020ஆம் ஆண்டில் இந்தோனேசியாவும் மலேசியாவும் இணைந்து முன்மொழிய, யுனெஸ்கோ பந்துனை மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

மிகவும் பழகிய ஒன்றைப் பார்ப்போம்.

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபீஜி டி ஆத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் புடி டிபாவா மாத்தி.

பொன்வாழை கப்பலேறிப் போகிறது, பெட்டிமேல் ஒரு பழம் கனிகிறது. பொன்கடனை அடைத்துவிடலாம், நன்றிக்கடன் சாகும்வரை கூடவே வரும். இரண்டாம் அடியில் வரும் ‘பெத்தி’ நம் பெட்டிதான்; கடை, கப்பல், கட்டில் போன்ற சொற்களோடு அதுவும் தமிழிலிருந்து மலாய்க்குப் போனது. வாழைப்பழத்துக்கும் நன்றிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று தோன்றும். ஆனால் பழம் பயணத்தில் கனிவதைக் கேட்ட காது, கூடவே வருகிற கடனுக்குத் தயாராகிவிடுகிறது. ஓசை முன்னே போய் இடம் பிடித்து வைக்கிறது, பொருள் பின்னே வந்து அமர்கிறது.

மேடையில் இதன் பயன் இன்னும் நுட்பமானது. முதல் இரண்டு அடிகளைச் சொன்னதுமே அவையில் பாதிப் பேர் மீதியை மனத்துக்குள் முடித்துவிடுவார்கள். கருத்தைப் பேச்சாளர் மட்டும் சொல்லவில்லை, அவையும் சேர்ந்து சொன்னது போல ஆகிவிடும். நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்ட உரையில் எண்களுக்கு நடுவே ஒரு பந்துனை வைப்பதும், எதிர்க்கட்சி உறுப்பினர் மறுமொழியை இன்னொரு பந்துனில் தருவதும் இதனால்தான். அப்பட்டமாகச் சொன்னால் சண்டையாகிவிடக்கூடிய செய்தியைப் பந்துன் சிரிப்பாக மாற்றித் தருகிறது, செய்தியும் குறையாமல் போய்ச் சேர்கிறது.

ஆனாலும் மேலே உள்ள பந்துனே ஓர் எச்சரிக்கைக்கும் உரியது. ‘ஹூத்தாங் புடி’, அதாவது நன்றிக்கடன், என்ற எண்ணத்தைத் தேர்தல் மேடைகள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன: சாலை போட்டோம், பள்ளி கட்டினோம், நிலம் கொடுத்தோம், நன்றி மறவாதீர்கள் என்று. மக்கள் வரிப்பணத்தில் செய்ததைத் தனிப்பட்ட உபகாரமாக மாற்றிக் கேட்கும் இந்த வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. நன்றி மனிதருக்கு மனிதர் படும் கடன், குடிமகன் அரசுக்குப் பட்ட கடனாக அதை எழுதக் கூடாது.

‘கித்தா’, ‘காமி’ வேறுபாடு அவ்வளவு முக்கியமா?

தமிழருக்கு இதை விளக்குவது எளிது. ‘கித்தா’ என்பது ‘நாம்’, ‘காமி’ என்பது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் மறைந்துவிடும் இந்த வேறுபாடு நம் இரு மொழிகளிலும் உயிரோடு இருக்கிறது. ‘காமி’ என்று ஓர் அமைச்சர் பேசினால் அரசு ஒரு பக்கமும் மக்கள் மறுபக்கமும் நிற்கிறார்கள். ‘கித்தா’ என்றதும் எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்துவிடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய ‘கித்தா ஜாகா கித்தா’ என்ற மூன்று சொல் முழக்கம், ‘நம்மை நாமே காப்போம்’ என்று, வேலி எதுவும் இல்லாத அந்த நாமின் மேல்தான் நின்றது.

கவனிக்க வேண்டியது, அந்த ‘கித்தா’வின் எல்லை இடத்துக்கு இடம் மாறும் என்பதே. சுதந்திர நாள் மேடையில் அது நாட்டு மக்கள் அனைவரையும் குறிக்கும். ஒரே இனத்தாருக்கான கட்சி மாநாட்டில் அதே பேச்சாளர் வாயில் அதே சொல் அந்த இனத்தாரோடு நின்றுவிடும். செய்தியை மொழிபெயர்ப்பவர், எந்த ‘நாம்’ என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்த்தே எழுத வேண்டும்.

மலாயில் எதிரில் இருப்பவரை ‘நீ’, ‘நீங்கள்’ என்று குறிப்பதும் கூடியவரை தவிர்க்கப்படும். உறவுப்பெயரோ பட்டமோ அந்த இடத்தை நிரப்பும். ‘மக்சிக்’ என்பது ‘சிறிய தாய்’, நம் சின்னம்மா. ‘பக்சிக்’ நம் சித்தப்பா. அண்ணனுக்கு அபாங், அக்காளுக்குக் காக்காக். விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும் காணும் ‘அண்டா’ என்ற முன்னிலைச் சொல் யாருக்கும் உறவில்லாதது. முகமறியாத கூட்டத்தை விளிக்க அது பொருந்தும், முன்னால் நிற்கும் பெரியவரிடம் சொன்னால் உறுத்தும்.

இந்த உறவுமொழி அரசியல் உரையில் எப்படி வேலை செய்கிறது? ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியுமா?

2020 மார்ச் 27 அன்று அப்போதைய பிரதமர் முகிடின் யாசின், ‘பிரிஹாத்தின்’ என்ற 25,000 கோடி ரிங்கிட் உதவித் திட்டத்தைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ‘பிரிஹாத்தின்’ என்றால் அக்கறை. நாடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்கள் அவை. திட்டத்தின் தொகைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு வந்தவர் நடுவில் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார்: மக்சிக் கியா, வாழைப்பழம் பொரித்து விற்பவர்; அவர் கணவர் பெல்டா நிலக்குடியேற்றத் திட்டத்தைச் சேர்ந்தவர், பகுதிநேரமாக கிராப் என்ற செயலிவழி வாடகை வண்டியும் ஓட்டுகிறார். இந்தக் குடும்பத்துக்கு எந்தெந்த வழியில் எவ்வளவு கிடைக்கும் என்று கூட்டிக் காட்டினார். மாத வருமானம் 4,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவும் உள்ள குடும்பத்துக்கு 1,600 ரிங்கிட், செயலிவழி வாடகை வண்டி ஓட்டுநருக்கு 500 ரிங்கிட் என்றெல்லாம் அறிவிப்பில் இருந்த எண்கள் அந்தக் கற்பனைக் குடும்பத்தின் சமையலறைக்குள் போய் நின்றன.

மறுநாள் முதல் ‘மக்சிக் கியா’ நாட்டின் சொத்தாகிவிட்டார். கேலிச்சித்திரங்களிலும், பொருளாதார விவாதங்களிலும், இதில் என் பங்கு எங்கே என்று கேட்டவர்களின் பேச்சிலும் அவர் வந்தார். 25,000 கோடியை யாராலும் மனத்தில் உருவகிக்க முடியாது. சின்னம்மாவின் எண்ணெய்ச் சட்டியை எல்லோராலும் முடியும்.

அந்த உரையின் இறுதி இன்னும் கவனமாகக் கட்டப்பட்டது. பொதுத்தேர்தல் நடக்காமலேயே அதே மாதத் தொடக்கத்தில் ஆட்சிக்கு வந்தவர் அவர். ‘இது நீங்கள் வாக்களித்துத் தேர்ந்த அரசாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்கள்மேல் அக்கறையுள்ள அரசு’ என்ற பொருளில் முடித்தார். குறையைத் தானே முன்வந்து சொல்லிவிடுவது மலாய்ப் பண்பாட்டில் மிகுந்த மதிப்புள்ள செயல். மக்களில் பலர் அவரை ‘அபா’, அதாவது அப்பா, என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அந்த உரையைக் கேட்டபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவிடம் கணக்குக் கேட்பது கடினம், பிரதமரிடம் கேட்டாக வேண்டும். உறவுமொழி பயத்தைக் குறைக்கும் அதே அளவுக்குக் கேள்வியையும் குறைத்துவிடுகிறது.

அந்த மொழி எங்கே முறியும் என்பதும் சில நாட்களிலேயே தெரிந்தது. வீட்டிலிருக்கும் மனைவிமார், கணவரிடம் வேலை சொல்லும்போது டோரேமோன் என்ற கார்ட்டூன் பாத்திரத்தின் குரலில் கொஞ்சிச் சொல்லலாம் என்று பெண்கள் நலத்துறை அமைச்சு வெளியிட்ட படங்களுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்து, அமைச்சு மன்னிப்புக் கேட்டது. உறவின் குரலில் ஆறுதல் சொன்னதை ஏற்ற மக்கள், அதே குரலில் பெண்களுக்குப் பாடம் நடத்தியதை ஏற்கவில்லை.

அரச மொழி என்று தனியாக ஒன்று உண்டா?

உண்டு. ஒன்பது மாநிலங்களில் அரசர்கள் இருக்கிறார்கள், அவர்களிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருவர் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அரசர் தம்மை ‘பெத்தா’ என்பார், அவரிடம் பேசுபவர் தம்மை ‘பாத்திக்’ என்பார். நம் ‘அடியேன்’ நின்ற இடம் அது. அரசர் உண்பது ‘சந்தாப்’, உறங்குவது ‘பெராடு’, நோயுறுவது ‘கெரிங்’, இறப்பது ‘மங்காட்’. அரசரின் சொல் ‘தீத்தா’. அதை நிறைவேற்றுவதை ‘தலைமேல் தாங்குதல்’ என்ற பொருளில் ‘மெஞ்சுஞ்சோங்’ என்பார்கள். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைக்கும் மாமன்னரின் உரையும் தீத்தாதான்.

இந்த மரியாதை ஒருவழிப் பாதை என்று நினைப்பது தவறு. 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட செஜாரா மெலாயு என்ற மலாய் அரச வரலாற்று நூல், சுமத்ராவின் பலெம்பாங் தலைவர் டெமாங் லேபார் டாவுனும் அரசர் சாங் சபூர்பாவும் செய்த உடன்படிக்கை ஒன்றைச் சொல்கிறது. குடிகள் அரசருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்பது அரசர் கேட்டது. குடிகள் எவ்வளவு பெரிய தவறு செய்தாலும் அவர்களை இழிசொல்லால் அவமதிக்கக் கூடாது என்பது குடிகளின் சார்பில் கேட்கப்பட்டது. குற்றம் மிகக் கொடியதென்றால் முறைப்படி மரண தண்டனைகூட விதிக்கலாம், ஆனால் நாக்கால் கேவலப்படுத்தக் கூடாது. உயிரைவிட மானத்தை மேலே வைத்த இந்த நிபந்தனையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதிகாரத்தில் இருப்பவரின் வாய்க்கும் கட்டுப்பாடு உண்டு என்பது மலாய் மரபுக்குள்ளேயே எழுதப்பட்ட விதி.

அரசு அறிவிப்புகளில் யார் செய்தார்கள் என்பதே தெரியாமல் எழுதுகிறார்களே?

இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘டி’ என்ற முன்னொட்டோடு வினையை அமைத்து, செயப்படுபொருளை முன்வைப்பது மலாயின் இயல்பான நடை. அதை ஒவ்வொரு முறையும் ‘படுகிறது’, ‘படும்’ என்று தமிழாக்கினால் தமிழ் மூச்சுத் திணறும். எங்கள் தொழிலில் பெரும்பாலோர் செய்யும் பிழை இது. ‘கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது’ என்பதைவிட ‘கடிதத்தை அனுப்பியாயிற்று’ என்பதே மலாய் வாக்கியத்தின் தொனிக்கு நெருக்கமாக இருக்கும்.

மற்றொன்று ‘பீஹாக்’ என்ற சொல். ‘தரப்பு’ என்று பொருள். பீஹாக் அரசு, பீஹாக் எங்கள், பீஹாக் தாங்கள் என்று எழுதும்போது மனிதர்கள் மறைந்து தரப்புகள் பேசத் தொடங்குகின்றன. ‘பீஹாக் தெர்தெந்து’, அதாவது ‘குறிப்பிட்ட சில தரப்பினர்’, என்று குற்றம் சாட்டினால், யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், வழக்குப் போட மட்டும் யாராலும் முடியாது. மரியாதைக்காகப் பெயரைத் தவிர்ப்பதும் பொறுப்புக்குப் பயந்து தவிர்ப்பதும் ஒரே உடையில் வருகின்றன. முன்னதை மதிக்கிறேன், பின்னதை மரியாதை என்று ஏற்க மாட்டேன்.

அரசுக் கடிதத்தின் முடிவில் நெடுங்காலம் ‘கட்டளைக்குக் கீழ்ப்படியும் நான்’ என்ற பொருளுள்ள தொடர் இருந்தது. அது பின்னர் ‘அமானாவை நிறைவேற்றும் நான்’ என்று மாறியது. அமானா என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. கையொப்பத்துக்கு மேலே ஒரே ஒரு வரி மாறியதில், அதிகாரி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற எண்ணமும் மாறியது.

அப்படியானால் மலாயில் நேரடியாகக் கண்டிக்கவே முடியாதா?

முடியும், கண்டிக்கவும் செய்கிறார்கள். ‘தெகூர்’ என்ற சொல்லுக்கு ஒருவரை அழைத்துப் பேசுவது என்றும் தவறைச் சுட்டுவது என்றும் இரு பொருள் உண்டு. அருகில் போய்ப் பேசாமல் திருத்த முடியாது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மாவுக்குள் கிடக்கும் முடியை இழுப்பது போல, முடியும் அறாமல் மாவும் சிதறாமல் செய்ய வேண்டும் என்பது அவர்கள் பழமொழி. எதிராளியின் ‘ஆயேர் முகா’, அதாவது ‘முகத்தின் நீர்’, வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எல்லையைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் பெயர் ‘கூராங் அஜார்’. ‘போதிய கற்பிப்பு இல்லாதவன்’ என்பது சொல்லின் பொருள். பெற்றோரையும் சேர்த்துத் தாக்குவதால் அது மிகக் கடுமையான வசை.

நேராக எழுதிய மரபும் உண்டு, அதன் தொடக்கத்தில் நிற்பவர் தமிழோடு உறவுள்ளவர். மலாக்காவில் 1796இல் பிறந்த எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே மணம் செய்துகொண்டவர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்கால மலாக்காவின் வழக்கம், அப்துல்லாவும் கற்றார். 1849இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் ‘நான் கண்டேன்’ என்று எழுதி, அரசர்களின் கொடுமையையும் சோம்பலையும் பெயர் மறைக்காமல் கண்டித்தார். ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்து எழுதினார் என்ற விமரிசனம் அவர்மேல் உண்டு, அதில் நியாயமும் உண்டு. இருந்தும் மலாய் உரைநடையில் ‘நான்’ என்ற சாட்சியின் குரல் அவரால் வலுப்பெற்றது.

செராமாவில் பேசும் மலாய் ஏன் முற்றிலும் வேறாக ஒலிக்கிறது?

இரவில் திடலிலோ பள்ளிவாசல் அருகிலோ நடக்கும் அரசியல், சமயப் பொதுக்கூட்டமான செராமா, பட்டங்களின் மேடை அன்று. அங்கே வட்டார வழக்கு ஆள்கிறது. 1990 முதல் 2013 வரை கிளந்தான் மந்திரி பெசாராக இருந்த நிக் அப்துல் அசிஸ், கோத்தா பாருவின் வெள்ளிக்கிழமைக் காலை உரைகளில் கிளந்தான் வழக்கிலேயே சமயத்தையும் அரசியலையும் பேசினார். அந்த மலாய் கோலாலம்பூர்க்காரருக்கே எளிதில் புரியாது. ஆனால் மக்கள் தெருவில் அமர்ந்து கேட்டார்கள்; தம் பாட்டி பேசிய மொழியில் ஆட்சியாளர் பேசுவதைக் கேட்பது அவர்களுக்கு ஒரு கண்ணியம்.

மலாயில் ஆங்கிலம் கலந்து பேசுவது தவறா?

‘பஹாசா ரோஜாக்’, அதாவது கலவை மொழி, என்று அதைக் குறைசொல்வார்கள். 1956இல் தொடங்கிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா நிறுவனம் செம்மையான மலாயை வலியுறுத்தி வருகிறது. கடைத்தெருவில் கலப்பு இருக்கட்டும். அறிவிப்புப் பலகையிலும் மேடையிலும் முழு மலாயாகப் பேசுவதே நல்லது.

தமிழர் ஒருவரை மலாய் மேடையில் பேச அழைத்தால் எப்படிப் பேசலாம்?

அரசமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கி, பிற மொழிகளைப் பயன்படுத்தவும் கற்பிக்கவும் உள்ள உரிமையையும் காக்கிறது. எனவே இரவல் வீட்டில் பேசுவது போன்ற கூச்சம் வேண்டாம். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் வாழும் தமிழ் வழிவந்த செட்டி மக்கள் இந்துக்களாக இருந்துகொண்டே தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி, பந்துனும் பாடி வருகிறார்கள்.

‘சலாம் செஜாத்ரா’ என்று தொடங்குங்கள். வரிசைப் பட்டியலை நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டு வாங்குங்கள். ‘காமி’ என்று வாயில் வருகிற ஒவ்வோர் இடத்திலும் ‘கித்தா’ பொருந்துமா என்று பாருங்கள். ஒரே ஒரு பந்துன் போதும், அதையும் மனப்பாடமாகச் சொல்லுங்கள், தாளைப் பார்த்துப் படித்தால் அவை கூடச் சேராது. முடிக்கும்போது, பிழை இருந்தால் ‘பத்து விரல்களை அடுக்கி’ மன்னிப்புக் கேட்கிறேன் என்பது அவர்களின் மரபுத்தொடர்: ‘சாயா சூசூன் செபூலோ ஜாரி’. சொல்லும்போது கைகள் குவிந்திருக்க வேண்டும். தமிழருக்கு அதைப் பயிற்சி செய்ய வேண்டியதில்லை. பிறகு ‘செகியான், தெரீமா காசே’ என்று சொல்லி அமர்ந்துவிடலாம்.